நீர் இறங்கிய கரை

உமா ஓயாவுக்கு இப்போது இரண்டு முடிவுகள். பிதுருதலாகலைக்கும் ஹக்கலைக்கும் கீழே கசிவும் ஓடையுமாகத் தொடங்கி, வெலிமடையின் உருளைக்கிழங்குப் பாத்திகளையும் போஞ்சித் தோட்டங்களையும் தொட்டுக்கொண்டு, ஊவா பரணகம வழியாக வடக்கே இறங்கி, ரந்தம்பேயில் மகாவலியோடு சேர்வது பழைய முடிவு. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்று நீர்த்தேக்கங்களையும் சூழ்ந்த காடுகள் 1987ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆகவே நம் ஊர் ஆறு நெடுங்காலமாக ஒரு சரணாலயத்தின் வாசலில்தான் போய் நின்றுகொண்டிருந்தது. வெலிமடையில் எவரும் அதை அப்படி நினைத்துப் பேசி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது மரக்கறிக்குப் பாயும் தண்ணீர். மழைக்காலத்தில் சிவந்து ஓடும், கச்சான் காலத்தில் கல் தெரிய மெலியும்.

புதிய முடிவு தெற்கே இருக்கிறது. வெலிமடைக்குப் பக்கத்தில் புஹுல்பொலவில் 35 மீற்றர் உயர அணை ஒன்று ஆற்றை மறிக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் சுரங்கம் தண்ணீரை டயரபா அணைக்குக் கொண்டுபோகிறது. டயரபாவிலிருந்து 15 கிலோமீற்றருக்கும் மேல் இன்னொரு சுரங்கம், பண்டாரவளை மலைகளின் வயிற்றுக்குள் போய், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனியவில் நிலத்துக்கு அடியிலேயே கட்டப்பட்ட மின்நிலையத்தில் முடிகிறது. 120 மெகாவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்ட பிறகு, அந்தத் தண்ணீர் அலிகொட்ட ஆர வழியாகக் கிரிந்தி ஓயாவை அடைகிறது. கிரிந்தி ஓயா போய் நிற்பது லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தில். அதைச் சுற்றி இருப்பது ஒரு தேசியப் பூங்கா. 2008இல் அடிக்கல் நாட்டி, ஈரானியக் கடன் பொருளாதாரத் தடையால் பாதியில் நின்று, அரசின் சொந்தப் பணத்தில் இழுபட்டு, 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்து வைக்கப்பட்ட திட்டம் இது.

வடக்கே போனாலும் தெற்கே போனாலும் வெலிமடைத் தண்ணீர் விலங்குகளிடம்தான் போய்ச் சேர்கிறது. இது புத்தியில் பட்ட நாளிலிருந்து அந்தத் தெற்கு முடிவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு விடவில்லை.

போகும் வழி புதிதல்ல. பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, தனமல்வில. ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்குப் புறப்படும் தோட்டத்து வேன்கள் எல்லாம் இறங்குகிற அதே பாதை. எல்லவுக்குக் கீழே இராவணன் அருவியைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளை இல்லை. அந்த அருவியில் விழுவது கிரிந்தி ஓயாவில் சேரும் ஒரு கிளையாறுதான். அதற்குப் பிறகு வெல்லவாயவைத் தாண்டியதும் வேனில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மலை முடிந்து காற்று சூடாகும் இடம் அது. பஜனை ஓய்ந்துவிடும். வீதிக்குப் பக்கத்திலேயே கிரிந்தி ஓயா எங்களோடு கூடவே தெற்கே வந்துகொண்டிருப்பதை, இத்தனை கதிர்காமப் பயணங்களிலும் நாங்கள் கவனித்ததே இல்லை. கண் விழித்தால் தனமல்வில பக்கத்துத் தயிர்க்கடைகள், அடுக்கிய மண்சட்டிகள், போத்தலில் கித்துள் பாணி. தின்றுவிட்டு மீண்டும் தூக்கம். அடுத்து விழிப்பது மாணிக்க கங்கைக் கரையில்.

இந்த முறை விழித்தபடியே போனோம். என்னோடு வந்தவர் பெரியப்பா. கொழுந்து எடுக்கிற மலையிலும் ஸ்டோரிலுமாக ஆயுள் முழுவதும் வேலை செய்து ஓய்ந்தவர். யானை பார்க்கப் போகிறோம் என்றுதான் அவரைக் கூட்டிப்போனேன். தண்ணீர்க் கதையைச் சொன்னதும் யானையை மறந்துவிட்டார். "நம்ம பீலித் தண்ணியாப்பா அங்க போவுது?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

லுணுகம்வெஹெர தேசியப் பூங்கா 1995இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 23,500 ஹெக்டேயர். சிங்கராஜ போலப் பழமைக்காகவோ, யால போலச் சிறுத்தைக்காகவோ அது காக்கப்படவில்லை. நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள நிலத்தைக் காக்காவிட்டால் குளம் மண்ணால் தூர்ந்துவிடும் என்ற கணக்கு முதல் காரணம். உடவளவைக்கும் யாலவுக்கும் நடுவே யானைகள் போய்வர ஒரு வழி வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுமே நல்ல காரணங்கள். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், கிரிந்தி ஓயாவின் தலைப்பகுதி இந்தப் பூங்காவின் எல்லைக்குள் இல்லை. அது பண்டாரவளையிலும் எல்லவிலும் தேயிலை மலைகளுக்கிடையிலும் மரக்கறித் தோட்டங்களுக்கிடையிலும் கிடக்கிறது. பூங்கா காப்பது நீரேந்து பகுதியின் கீழ் விளிம்பை மட்டும். மேல் பகுதியைக் காக்க வேண்டியவர்கள் நாங்கள். அதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை, சம்பளப் பட்டியலிலும் அது இல்லை.

பொருளாதாரமும் இந்தக் குளத்தின் கதையில் உண்டு. 1980களில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இதைக் கட்டியபோது, கிரிந்தி ஓயா தரக்கூடிய நீரைக் கூட்டி மதிப்பிட்டுவிட்டார்கள். புதிதாகக் குடியேற்றப்பட்ட விவசாயிகளுக்கும், திஸ்ஸமகாராமவைச் சுற்றிய யோத வெவ, திஸ்ஸ வெவ, வீரவில போன்ற பழங்குளங்களின் வயல்களுக்கும் சேர்த்துப் பங்கிட நீர் போதவில்லை. சிறுபோகத்தில் பாதி நிலம் தரிசாகக் கிடந்த ஆண்டுகள் உண்டு. பிறகு மாணிக்க கங்கையின் நீரில் ஒரு பங்கை வெஹெரகல அணையில் மறித்து இங்கே திருப்பினார்கள். நமுனுகுலை மலையில் பிறந்து கதிர்காமத்தில் நாங்கள் முழுகி எழும் அதே கங்கை. அதுவும் போதாமல்தான் இப்போது உமா ஓயா. மலையகத்தின் ஊவாப் பக்கத்து நீர் மூன்று வழிகளில் ஒரே குளத்துக்கு இறங்கி வந்திருக்கிறது என்று சொன்னபோது பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை.

நாங்கள் போனது ஆவணி. நீர் வெகுவாக இறங்கியிருந்தது. ஜீப் ஓட்டிய தனமல்வில இளைஞன் முதலில் காட்டுக்குள் வளைந்து வளைந்து கொண்டுபோனான். வீரை மரமும் பாலை மரமும் முட்புதர்களும் அடர்ந்த வறண்ட காடு. மயில்கள், ஓரிடத்தில் புள்ளிமான் கூட்டம், கிளை விட்டுக் கிளை பாயும் குரங்குகள். அவற்றைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். அரை மணி நேரத்தில் காடு திடீரென்று முடிந்து வெளி திறந்தது. பச்சை. அத்தனை வறட்சிக்கு நடுவே கண்ணைக் கூசவைக்கும் பச்சைப் புல்வெளி, தூரத்தில் ஒளிரும் நீர்க்கோடு வரை சரிந்து போனது. சில மாதங்களுக்கு முன் அந்த இடம் முழுவதும் குளத்தின் அடி.

இந்தப் புல்வெளியைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். யானையைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

வடகீழ் மழையில் நிரம்பும் குளம், வைகாசிக்குப் பிறகு வயலுக்குத் திறந்துவிடப்பட்டும் வெயிலில் ஆவியாகியும் மெல்ல இறங்குகிறது. இறங்கும் ஒவ்வோர் அடியும் புதிய ஈரச்சேற்றை வெளியே விடுகிறது. அந்தச் சேறு வெறும் மண்ணல்ல. ஆண்டு முழுவதும் ஆறு கொண்டுவந்து படியவிட்ட வண்டல், மக்கிய இலை, செத்த மீன், நீர்ப்பறவையின் எச்சம் எல்லாம் கலந்த உரம். சூரியன் பட்டதும் அதில் புல் முளைக்கிறது. நீர் விலகுகிற வேகத்துக்கேற்பப் புல்லும் கீழே இறங்கி வருகிறது. மேலே ஒரு மாதத்துப் புல் முற்றி நிற்கும்போது, நீரோரத்தில் இன்று காலை துளிர்த்தது இருக்கும். காடு முழுக்கக் காய்ந்து, ஓடைகள் வற்றி, இலைகள் கசந்து நிற்கும் மாதங்களில் இளம்புல் கிடைக்கும் ஒரே இடம் அது. வறண்ட வலயத்துக் குளங்களை அண்டி வாழும் யானைகள் கோடையில் மெலிவதற்குப் பதிலாகத் தேறுவதற்கு இதுதான் காரணம் என்று யானைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் சொல்கிறார்கள்.

இதை அறிந்தபோது எனக்கு எங்கள் மலையின் கச்சான் காற்று நினைவுக்கு வந்தது. ஆடி, ஆவணி, புரட்டாசியில் ஊவா மலைகளின் மீது வீசும் அந்த வறண்ட காற்றில்தான் எங்கள் கொழுந்துக்கு அந்த மணம் வருகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை பேர் வாங்கியதே அந்தச் சில வாரக் கொழுந்தால். கொழுந்து குறையும், கைக்காசு இராது, ஆனால் இலையில் மணம் ஏறும். அதே மாதங்களில் கீழே குளம் இறங்கிப் புல் முளைக்கிறது. மலையில் வறட்சி தேயிலைக்குத் தருவதைச் சமவெளியில் குளத்தின் அடிமண்ணுக்கும் தருகிறது.

யானைகள் நீரோரத்தில் நின்றன. பெண்யானைகளும் குட்டிகளுமாக ஒரு கூட்டம், சற்றுத் தள்ளித் தனியாக ஓர் ஆண். தந்தம் இல்லை. இலங்கையில் ஆண்யானைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு, அதனால் கொம்பனைக் காணாதது வியப்பில்லை. கூட்டத்தில் ஒரு பெண்யானை மேய்ந்த முறையைப் பெரியப்பா விரல் நீட்டிக் காட்டினார். குட்டையான புல்லைத் தும்பிக்கையால் நேரே பறிக்க முடியாது. முன்காலின் நகத்தால் தரையைச் சுரண்டிச் சுரண்டி, புல்லை வேரோடு தளர்த்தி, ஒரு சிறு குவியலாக்கி, தும்பிக்கையால் அள்ளுகிறது. உடனே வாயில் போடுவதில்லை. காலிலே இரண்டு தட்டு தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் உண்கிறது. யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப்பற்கள்தான் வரும். மண்ணோடு மென்றால் அவை சீக்கிரம் தேயும், கடைசிப் பல்லும் தேய்ந்தால் பட்டினிதான். அந்தத் தட்டலின் பொறுமையில் எனக்கு ஒரு வாழ்நாள் கணக்குத் தெரிந்தது. பெரியப்பா சொன்னது வேறு: "பார், பொம்பளையாள் கொழுந்து உதர்ற மாதிரி." கூடையில் போடும் முன் முற்றிய இலையைக் கையாலேயே கழித்து உதறுகிற அசைவைச் சொன்னார். அறுபது ஆண்டு அந்த அசைவைப் பார்த்தவர் அவர். நான் அதைவிட நல்ல உவமையைத் தேடவில்லை.

குட்டிகள் இரண்டு சேற்றில் புரண்டன. ஒரு மூத்த பெண் எங்களைப் பார்த்துக் காதை விரித்து, காற்றில் தும்பிக்கையை உயர்த்தி, பிறகு கவலை இல்லை என்று முடிவு செய்ததுபோல மேயத் திரும்பியது. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டான். உடவளவையில் ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு யானையையும் காது விளிம்பின் கிழிசலையும் நரம்பையும் வைத்து அடையாளம் கண்டு ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஷெர்மின் டி சில்வாவின் அந்த ஆய்வு, ஆசியப் பெண்யானைகள் இறுகிய ஒரே குடும்பமாக மட்டும் வாழ்வதில்லை, பலரோடு கூடிப் பிரிந்து, மீண்டும் தேடிவந்து சேர்ந்து, ஆண்டுகளைத் தாண்டி நட்பைக் காக்கின்றன என்று காட்டியது. எங்கள் முன் நின்ற கூட்டம் அன்றைக்கு மட்டும் சேர்ந்த கூட்டமாகவும் இருக்கலாம். புல் இருக்கும் கரை அவை ஒன்றையொன்று சந்திக்கிற இடமும்கூட.

பறவைகளுக்கும் இறங்கும் நீர்தான் காலம். நீர் விலகும்போது பள்ளங்களில் மீன் தனியாகச் சிக்கிக்கொள்கிறது. அந்தப் பள்ளங்களைச் சுற்றி மஞ்சள் மூக்கு நாரைகள் வாயைப் பாதி திறந்தபடி நீரில் துழாவி நின்றன. நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் குனிந்திருந்தன. கூழைக்கடாக்கள் ஆழத்தில் ஒன்றாக வட்டமிட்டு மீனை விரட்டின. ஆட்காட்டி ஒன்று தன் முட்டை அருகே எங்கோ இருந்ததால் ஜீப்பைப் பார்த்துத் தலைக்கு மேல் கத்திக்கொண்டே பறந்தது. நீர் நடுவே பட்ட மரங்கள் நின்றன, அணை எழுந்தபோது மூழ்கிச் செத்தவை. ஒவ்வொன்றிலும் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையில் ஒரு முதலை வாயைத் திறந்து கிடந்தது.

அந்தப் பட்ட மரங்களைப் பார்த்தபடி பெரியப்பா மஸ்கெலியாவைச் சொன்னார். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா பட்டினம் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே வரும். தோட்டத்து ஆட்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். முன்னோர் நின்று கும்பிட்ட கற்படியைத் தொட்டுப்பார்த்துவிட்டு வருவார்கள். அவரும் ஒருமுறை போனதாகச் சொன்னார். மலையக மக்களுக்கு நீர்த்தேக்கம் என்றால் என்ன என்பது அந்தளவில் தெரியும். கொத்மலையிலும் தேயிலை மலைகள் நீருக்கடியில் போயிருக்கின்றன. நிறைந்த குளத்தில் தெரிவது நீர் மட்டும்தான். இறங்கிய குளத்தில்தான் நிலம் யாருடையதாக இருந்தது என்று தெரியவரும். லுணுகம்வெஹெரவின் இறங்கிய கரையில் அது யானையுடையது.

இங்கேதான் எனக்குக் கவலை தொடங்குகிறது. மின்னேரியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மகாசேன மன்னன் கட்டிய அந்தக் குளத்தில் ஆடி முதல் புரட்டாசி வரை நீர் இறங்கும்போது, சுற்றியுள்ள காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான யானைகள் கரைப்புல்லுக்கு வந்து கூடும். உலகத்தில் ஆசிய யானைகள் அவ்வளவு பெருந்தொகையாக ஓரிடத்தில் கூடுவது அங்கேதான் என்று பேர். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பின்னர், கோடையிலும் மின்னேரியாவுக்கு நீர் வரத் தொடங்கியது. குளம் நிறைந்தே நின்றது. புல்வெளி மூழ்கியே கிடந்தது. யானைகள் வந்து பார்த்தன, மேய ஒன்றுமில்லை, அண்மைய ஆண்டுகளில் அந்தக் கூடல் குலைந்துபோனது. பசித்த யானைகள் கிராமத்து வயல் பக்கம் திரும்பின. நிறைந்த குளத்தைப் பார்த்து மகிழாத மனிதனை நான் கண்டதில்லை. மின்னேரியாவின் யானைகளுக்கு நிறைந்த குளம் பஞ்சமாக வந்து சேர்ந்தது.

உமா ஓயாவின் நோக்கம் கோடையில் தண்ணீர் சேர்ப்பதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கோடியே 50 இலட்சம் கன மீற்றர் நீரைத் தென்கிழக்குக்குத் திருப்ப வேண்டும் என்பது திட்டக் கணக்கு. அதன் ஒரு பங்கு கிரிந்தி ஓயாவில் இறங்கி, கோடையிலும் லுணுகம்வெஹெரவை நிரம்பவே வைத்திருக்குமானால், நாங்கள் நின்ற அந்தப் பச்சைச் சரிவு நீருக்கடியில் போகும். அந்த வண்டலையும் நினைக்க வேண்டும். நதி தானாக வந்தால் மண்ணையும் கொண்டுவரும். அணையில் தங்கிச் சுரங்கம் வழியாக வரும் நீர் பெரும்பகுதி மண்ணை அணையிலேயே விட்டுவிட்டு வரும். நீர் மட்டும் வந்து, உரம் வராமல், கரையும் வெளிப்படாமல் போனால், குளம் ஒரு தொட்டியாக மட்டும் மீந்துவிடும். அப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மின்னேரியாவைப் பார்த்த பிறகு இதைக் கேட்காமல் இருப்பது மன்னிக்க முடியாதது என்று நினைக்கிறேன்.

குளக்கரையில் யானை தனியாகவும் இல்லை. மாடுகளும் எருமைகளும் அதே புல்லைத் தேடி உள்ளே வருகின்றன. பூங்காவில் கால்நடை மேய்க்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவற்றை மேய்க்கும் இடையர்களுடைய மேய்ச்சல் நிலங்கள்தான் நீர்ப்பாசனத் திட்டத்தில் வயலாயின. வீதியோரத்தில் நாங்கள் வாங்கித் தின்ற எருமைத் தயிர் அவர்களுடைய பிழைப்பு. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய மாடு மேயும் ஒவ்வொரு கவளமும் யானைக்குக் குறைகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ளாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் அந்தக் கரையில் நிலைக்காது.

பூங்காவின் எல்லையில் மின்வேலி. வேலி போட்டால் யானை உள்ளே, மனிதர் வெளியே என்று நினைக்கத் தோன்றும். நிலைமை அப்படி இல்லை. இலங்கை முழுதும் கணக்கெடுத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாட்டின் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலத்தில் யானைகள் நடமாடுகின்றன, அந்த நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மக்களும் குடியிருக்கிறார்கள். பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் செய்த கணக்கு இது. காட்டுக்குள் துரத்தி வேலியைப் பூட்டினால் உள்ளே இருக்கும் புல் போதாமல் யானைகள் எலும்பும் தோலுமாகும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு வளர்ந்த யானைக்கு நாளுக்கு நூறு கிலோவுக்கும் மேல் உணவு வேண்டும். 2023ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நானூறுக்கும் அதிகமான யானைகள் மாண்டன, மனித யானை மோதலில் நூற்றைம்பதுக்கும் அதிகமான மனிதர்களும் மாண்டார்கள். அந்தச் சாவுகளில் பல ஒரு வீட்டு வாசலில், ஒரு வேலியோரத்தில் நடந்தவை.

வெல்லவாயவுக்கு அருகே ஹந்தபானாகல குளத்திலும் மாலைகளில் யானைகள் வந்து நிற்கும். பெல்வத்தைக் கரும்புத் தோட்டங்கள் சுற்றி வளர்ந்த பிறகு அந்தக் கூட்டத்துக்குப் போக்கிடம் சுருங்கிவிட்டது. உடவளவையையும் லுணுகம்வெஹெரவையும் இணைக்கும் வெட்டஹிரகந்த ஒதுக்ககத்திலும் மனிதர் ஊடுருவல் தொடர்கிறது. சாரதி இவற்றையெல்லாம் பெரியப்பாவிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும், நாட்டுப் பக்கத்து ஆட்களோடு வாழ்நாள் முழுதும் பழகியவர். "மாமா, உங்கட பக்கம் மழை பெய்தா இங்க நாங்க விதைப்போம்" என்றான் அவன். எங்கள் மலையில் மழை பெய்கிறதா என்று அவன் தொலைபேசியில் தேடிப் பார்ப்பானாம். அவனுடைய அப்பாவுக்குக் குளத்துக்குக் கீழே வயல் இருக்கிறது. யானையும் அவனுக்குப் பிழைப்பு, தண்ணீரும் பிழைப்பு. குளம் நிரம்ப வேண்டும் என்று வேண்டுகிற வீட்டிலிருந்து வந்து, குளம் இறங்கிய கரையில் ஜீப் ஓட்டுகிறான்.

அவனுக்குப் பெரியப்பா பண்டாரவளைக் கதையைச் சொன்னார். 2014ஆம் ஆண்டு இறுதியில் சுரங்கம் தோண்டும்போது மலைக்குள் இருந்த நீர் உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின. ஊற்றுகள் நின்றன. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் திரண்டு வீதிக்கு வந்தார்கள். அந்தத் தண்ணீர் யார் யாருடைய கிணற்றிலிருந்து போனது என்று எவரும் கணக்கிட்டுத் தந்துவிட முடியாது. கீழே போய்ச் சேரும் நீரைப் பற்றிப் பேசும்போது, மேலே வறண்ட கிணறுகளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். சாரதி இதை அறிந்திருக்கவில்லை. அவனுடைய ஊரில் இந்தத் திட்டம் நீர் தரும் திட்டம் மட்டும்.

எங்கள் லயங்களில் இன்றைக்கும் பீலிக்கரையில் குடத்தை வரிசை வைப்பதைக் காணலாம். நாட்டின் பெரிய ஆறுகள் தொடங்கும் மலைகளில் வாழ்ந்துகொண்டு, ஒரு குடம் நீருக்கு விடியலில் காத்து நிற்கும் மக்கள் நாங்கள். மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தேயிலையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டும். நீரைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கவில்லை. பேசத் தொடங்கினால், நாங்கள் இருக்கும் இடம் விளிம்பில் இல்லை என்பது புலப்படும். திஸ்ஸமகாராமவின் நெல்லுக்கும் லுணுகம்வெஹெரவின் யானைக்கும் தலைமாட்டில் இருக்கிறோம். இந்த நினைப்பில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கத் தேவையில்லை. பொறுப்பும் உண்டு. வெலிமடைத் தோட்டங்களில் அளவுக்கு மீறிக் கொட்டும் உரமும், சரிவில் தடுப்பில்லாமல் உழுத மண்ணும் உமா ஓயாவில் கலந்து ரந்தம்பேயைத் தூர்த்துவிட்டன என்பது மகாவலிப் பொறியியலாளர்கள் அறிந்த உண்மை. கீழே இருக்கிற சரணாலயத்துக்கு மேலிருந்து நாம் அனுப்பியது பெரும்பாலும் அதுதான்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசன அதிகாரிகளும் விவசாயிகளும் உட்கார்ந்து, குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது என்று முடிவு செய்வார்கள். நல்ல ஏற்பாடு, பழைய ஏற்பாடு. உமா ஓயாவின் நீரும் சேர்ந்துவிட்ட பிறகு, அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: ஆடியிலிருந்து புரட்டாசி வரை நீர்மட்டம் எந்த அளவுக்கு மேலே ஏறக் கூடாது? வனஜீவராசிகள் திணைக்களம் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும், கூட்டம் அதை ஏற்க வேண்டும். விவசாயிகள் இதற்கு எதிராக நிற்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கரைப்புல் இருந்தால் யானை வயலுக்கு வருவது குறையும் என்பது அவர்களுக்கு எவரையும் விட நன்றாகத் தெரியும்.

மேலேயும் ஓர் அளவு வேண்டும். புஹுல்பொல அணைக்குக் கீழே, ரந்தம்பேயை நோக்கிப் போகும் பழைய வழியில், கோடையில் எவ்வளவு நீர் விடப்படுகிறது என்பதை வெலிமடை மக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வடக்குச் சரணாலயம் இன்னும் அந்த வழியையும் நம்பித்தான் இருக்கிறது. திரும்பி வந்த மறுவாரம் பெரியப்பா தானாகவே பேருந்து ஏறி புஹுல்பொலவுக்குப் போய், அணைக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வந்து, எத்தனை கல் வெளியே தெரிகிறது என்று என்னிடம் சொன்னார். தைக்குப் பிறகு மறுபடி போய்ப் பார்ப்பாராம்.